ஒக்சிதானி: இந்தப் பெயர் அந்த மண்ணுக்குப் பொருந்துகிறதா?

துலூஸ்வாசி:

நான்கு வருடமாகத் தென்பிரான்சில் உள்ள துலூஸில் இருக்கிறேன். இங்கே மெட்ரோவில் ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் இரண்டு தடவை சொல்வார்கள். முதலில் பிரெஞ்சில் 'கப்பித்தோல்', அடுத்து வேறொரு குரல் 'கப்பித்தோலி' என்று முடிக்கும். இரண்டாவது குரல் பேசுவது தென்பிரான்சின் பழைய மொழியான ஒக்சித்தான் என்று கூட வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார். அதன்பிறகு தெருப் பலகைகளையும் கவனித்துப் படிக்க ஆரம்பித்தேன். பழைய நகரத்தில் ஒரே சுவரில் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு பலகை இருக்கும். மேலே 'ரூ துய் தோர்', கீழே 'கரியேரோ தெல் தௌர்'. தௌர் என்றால் ஒக்சித்தானில் காளை. கி.பி. 250 வாக்கில் துலூஸின் முதல் பிஷப் சத்துர்னினைக் காளையோடு கட்டி இழுக்கவிட்டுக் கொன்றார்கள் என்பது மரபு. அந்தக் காளை ஓடிய தெரு அது. பிரெஞ்சுப் பெயரைப் பார்த்தால் அர்த்தம் சட்டென்று பிடிபடாது, கீழ்ப் பலகையைப் பார்த்தால் கதையே தெரிந்துவிடும்.

பிரான்சில் 2016 ஜனவரி 1 அன்று மண்டலங்களின் எண்ணிக்கையை 22-லிருந்து 13-ஆகக் குறைத்தார்கள் (கடல்கடந்த பகுதிகள் தனி). துலூஸைத் தலைநகராகக் கொண்ட மிதி-பிரெனேயையும் மோன்பெலியேவைத் தலைநகராகக் கொண்ட லாங்தொக்-ரூசியோனையும் அப்போதுதான் சேர்த்தார்கள். 13 மாவட்டம், 72,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, சுமார் 60 லட்சம் மக்கள். பெயர் என்ன வைப்பது என்று மக்களிடமே கேட்டார்கள். 2 லட்சம் பேருக்கு மேல் வாக்களித்ததில் ஏறக்குறைய 45 சதவீதம் 'ஒக்சிதானி'க்கு விழுந்தது. மற்ற நான்கு பெயர்களில் எதுவும் 20 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

ஒரு நாட்டின் நிர்வாக வரைபடத்தில், பல நூறு வருடம் ஒடுக்கப்பட்ட ஒரு மொழியின் பெயர் இவ்வளவு பெரிய எழுத்தில் ஏறியது சரியான முடிவு என்பது என் எண்ணம். ஆனால் இங்கேயே பலருக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. உங்கள் கருத்து என்ன?

பழைய_வரைபடம்:

நல்ல இழை. நான் எதிர்த்தரப்பில் நிற்கிறேன். மொழி மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அளவுதான் பிரச்சினை.

'ஆம்' என்பதற்குத் தெற்கே 'ஒக்' என்றார்கள், வடக்கே 'ஒயில்' என்றார்கள் (இன்றைய பிரெஞ்சு 'உய்' அதிலிருந்து வந்தது), இத்தாலியில் 'ஸி' என்றார்கள். இந்த மூன்றையும் வைத்து மொழிகளைப் பிரித்துக் காட்டியவர் தாந்தே. அந்த 'ஒக்' மொழி பேசப்பட்ட நிலம் இந்த மண்டலத்தைவிட ரொம்பப் பெரியது. கிழக்கே மார்செய், நீஸ் வரை ப்ரோவான்ஸ் முழுவதும், வடக்கே லிமூசானும் ஒவேர்ஞும், மேற்கே கஸ்கோனி, பிரனீஸ் மலைக்கு அந்தப் பக்கம் ஸ்பெயினில் அரான் பள்ளத்தாக்கு, இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் சில பள்ளத்தாக்குகள். இவ்வளவும் சேர்ந்ததுதான் ஒக்சித்தானியா.

1904-இல் இலக்கிய நோபல் வாங்கிய மிஸ்த்ரால் இந்த மொழியில்தான் எழுதினார். அவர் ஊர் ப்ரோவான்ஸ். முதல் த்ரூபதூர் (இந்த மொழியில் பாட்டுக் கட்டிய இடைக்காலக் கவிஞர்) என்று எல்லாரும் சொல்கிற ஒன்பதாம் கியோம் பிரபு ஆட்சி செய்தது புவாத்தியேவில். இந்த மொழி இன்று சட்டப்படி ஆட்சிமொழியாக இருக்கும் ஒரே பக்கம் கத்தலோனியா, அதற்குள் இருக்கும் அரான். இவர்கள் யாருமே 'ஒக்சிதானி மண்டல'த்துக்குள் இல்லை. ஐந்து அண்ணன் தம்பி இருக்கிற வீட்டில் ஒருவர் மட்டும் குடும்பப் பெயரைத் தன் பேரில் பதிவு செய்துகொண்ட மாதிரி இருக்கிறது.

மழைக்குருவி:

நீங்கள் இருவருமே ஒரு மாவட்டத்தை மறந்துவிட்டீர்கள். நான் பெர்பிஞானில் இருக்கிறேன். எண் 66, பிரெனே-ஓரியந்தால். இங்கே பெரும்பகுதியில் ஒக்சித்தான் யாருக்கும் தாய்மொழியாக இருந்ததே இல்லை. இது கத்தலான் நாடு. வடமேற்கு ஓரத்தில் பெனுயெட் என்ற சிறு பகுதி மட்டும்தான் ஒக்சித்தான் பேசியது.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மயோர்க்கா அரசர்கள் பெர்பிஞானைத் தலைநகராக வைத்து ஆண்டார்கள், அவர்கள் அரண்மனை இன்றும் ஊர் நடுவே மேட்டில் நிற்கிறது. இந்த நிலம் பிரான்சுக்கு வந்தது 1659-இல் போட்ட பிரனீஸ் ஒப்பந்தத்தால்தான். அதில் ஒரு வேடிக்கையான விஷயம் உண்டு. செர்தான்ய மேட்டுநிலத்தில் 33 கிராமங்களை ஸ்பெயின் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று முடிவானது. லீவியா என்ற ஊரைக் கேட்டபோது, அது கிராமம் இல்லை, நகரம், ஆகவே கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார்கள். இன்றைக்கும் லீவியா நான்கு பக்கமும் பிரான்ஸ் சூழ்ந்த ஸ்பெயின் ஊர். இங்கிருந்து மலை ஏறிப் போனால், நடுவில் ஸ்பெயினுக்குள் நுழைந்து திரும்ப பிரான்சுக்குள் வந்துவிடலாம், ஒரு சோதனைச் சாவடியும் கிடையாது.

1700-இல் பதினான்காம் லூயி, பத்திரங்களிலும் நீதிமன்றத்திலும் கத்தலான் செல்லாது என்று ஆணை போட்டார். அப்படி ஒரு தடவை பெயரை இழந்தவர்களிடம் போய், எங்கள் நிலத்தின் பழைய பெயரான ரூசியோனையும் எடுத்துவிட்டு, 'நீங்கள் இனி ஒக்சிதானி' என்று சொன்னால் எப்படி இருக்கும்? 2016 செப்டம்பரில் பெர்பிஞானில் ஆயிரக்கணக்கானோர் மஞ்சள் சிவப்புக் கொடியோடு ஊர்வலம் போனார்கள். அதே மாதக் கடைசியில் அரசாணை வந்து பெயர் உறுதியாகிவிட்டது. மண்டலக் கொடியில் ஒக்சித்தான் சிலுவையோடு கத்தலான் பட்டைகளையும் சேர்த்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் பெயரில் நாங்கள் இல்லை.

இது முதல் தடவையும் இல்லை. 2004-05-இல் அப்போதைய மண்டலத் தலைவர் ஜார்ஜ் பிரெஷ் லாங்தொக்-ரூசியோனுக்கு 'செப்திமானி' என்று பெயர் வைக்கப் பார்த்தார். அப்போதும் கத்தலான் பக்கம்தான் பெரிய எதிர்ப்பு. கைவிட்டுவிட்டார்.

துலூஸ்வாசி:

மழைக்குருவி, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 'ஒக்சிதானி-பெயி கத்தலான்' என்றொரு பெயரும் வாக்கெடுப்பில் இருந்தது, அதற்கு 12 சதவீதம் அளவில்தான் விழுந்தது. ஒரு மாவட்டம் எத்தனை பேர் வாக்களித்தாலும் 13-இல் ஒன்றுதானே. பெரும்பான்மை வாக்கெடுப்பால் சிறுபான்மையின் பெயரை முடிவு செய்வது தவறான முறை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் துலூஸ் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தப் பெயர் ஏன் உணர்ச்சியைத் தொடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1539-இல் வில்லெர்-கொத்ரே ஆணை அரசு ஆவணங்களைப் பிரெஞ்சுக்கு மாற்றியது. புரட்சிக் காலத்தில், 1794-இல், அபே கிரெகுவார் மாநாட்டு அவையில் வைத்த அறிக்கையின் தலைப்பே வட்டாரமொழிகளை ஒழிக்க வேண்டிய அவசியத்தைப் பற்றியது. 1880-களில் கட்டாயக் கல்வி வந்தபிறகு பள்ளியில் ஒக்சித்தான் பேசிய பிள்ளை கழுத்தில் ஒரு மரத்துண்டோ பழைய செருப்போ மாட்டிவிடுவார்கள். அடுத்து எவன் அந்த மொழியில் வாய் திறக்கிறானோ அவனைக் காட்டிக்கொடுத்தால்தான் அதைக் கழற்றி அவன் கழுத்துக்கு மாற்ற முடியும். சாயங்காலம் யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளை வேவு பார்க்க வைத்தார்கள். இதற்கு ஒக்சித்தானில் 'வெர்கொன்யா' என்று பெயர், வெட்கம் என்று அர்த்தம். ஒரு மொழி அழிக்கப்பட்ட முறைக்கு அந்த மொழியிலேயே வெட்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ரொம்ப நேரம் வேறு வேலை ஓடவில்லை.

ஏரிக்கரை:

மொழியைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். நான் நீர்ப்பாசனத் துறையில் இருந்தவன், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துத்தான் நிலத்தைப் புரிந்துகொள்வேன்.

இந்த மண்டலம் இரண்டு கடலுக்குத் தண்ணீர் தருகிறது. தெற்கே பிரனீஸ், அதில் விஞ்மால் சிகரம் 3,298 மீட்டர். வடக்கே மாசிஃப் சாந்த்ரால் மலைத்தொகுதியின் தெற்கு விளிம்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாசல் மாதிரி தாழ்வான நிலம், லொரகே என்ற கோதுமை வயல்வெளி. அங்கே நொரூஸ் என்ற இடம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 190 மீட்டர்தான். அதற்கு மேற்கே விழும் மழை கரோன் ஆற்றோடு சேர்ந்து அட்லாண்டிக் போகும், கிழக்கே விழுவது மத்தியதரைக் கடலுக்குப் போகும். காற்றும் அந்த வாசல் வழியாகத்தான் பாய்கிறது. கடல் பக்கமிருந்து துலூஸுக்கு வரும் தென்கிழக்குக் காற்று ஓத்தான், எதிர்ப்பக்கம் போவது சேர்ஸ். ஓத்தான் நாள்கணக்கில் அடித்தால் மனிதனுக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

ஆகவே துலூஸ் ஒரு கடலைப் பார்க்கும் ஊர், மோன்பெலியே இன்னொரு கடலைப் பார்க்கும் ஊர். இரண்டையும் முதலில் சேர்த்தவர் 2016-இன் அதிகாரிகள் இல்லை, பியேர்-போல் ரிக்கே. பெசியேவில் பிறந்தவர், லாங்தொக்கில் உப்பு வரி வசூலித்தவர், பொறியியல் எங்கேயும் படிக்காதவர். இரண்டு கடலையும் கால்வாயால் இணைப்பது பல ராஜாக்கள் பேசிப் பார்த்து விட்ட யோசனை. கால்வாய் வெட்டுவதில் பிரச்சினை இல்லை. மேட்டின் உச்சியில் தண்ணீருக்கு எங்கே போவது? படகு ஒவ்வொரு தடவை மதகு (படகை ஏற்றி இறக்கும் நீர்க்கதவு அறை) தாண்டும்போதும் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் தண்ணீர் இறங்கிவிடும். கோடையில் அதை யார் நிரப்புவது?

ரிக்கே மலையைப் பார்த்தார். வடகிழக்கே மோந்தாஞ் நுவார், அதாவது கரும்மலை, அதன் ஓடைகள் வருடம் முழுவதும் ஓடுகின்றன. அவற்றை விளிம்போடு வாய்க்கால் வெட்டித் திருப்பி, சேன்-ஃபெரியோலில் அணை கட்டித் தேக்கி, அங்கிருந்து நொரூஸ் உச்சிக்குக் கொண்டுவந்து விட்டார். வந்த தண்ணீர் அங்கே இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி இந்தக் கடலுக்கும் மறு பாதி அந்தக் கடலுக்கும் போனது. நம்ம ஊர் மடைக்காரருக்கு இது சட்டென்று புரியும். 1666-இல் அரசாணை, 1681-இல் திறப்பு, 240 கிலோமீட்டர் நீளம். உச்சகட்டத்தில் 12,000 பேர் வேலை பார்த்தார்கள், பெண்களும் நிறைய. மதகு அறைகளை முதலில் நேர்ச்சுவராகக் கட்டினார், மண் அழுத்தத்தில் சுவர் சரிந்தது. அப்புறம் முட்டை வடிவத்துக்கு மாற்றினார், வளைந்த சுவர் மண்ணைத் தாங்கிக்கொண்டது. பெசியே அருகே ஃபொன்செரானில் எட்டு அறை படிப்படியாக இறங்குகிறது, படகு மாடிப்படி இறங்குவதை உட்கார்ந்து பார்க்கலாம். ரிக்கே தன் சொத்தை எல்லாம் இதில் போட்டுக் கடனாளியாகி, திறப்புக்குச் சில மாதம் முன்பு, 1680 அக்டோபரில் இறந்துபோனார்.

கரையில் 42,000 பிளேன் மரங்கள் இருந்தன. 2006-லிருந்து ஒரு பூஞ்சை நோய் அவற்றைத் தாக்குகிறது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையின் வெடிமருந்துப் பெட்டிப் பலகைகளோடு ஐரோப்பாவுக்கு வந்த நோய் என்கிறார்கள். நோய் கண்ட மரத்தை வெட்டி எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை, ஆயிரக்கணக்கில் போய்விட்டன. வேறு இன மரங்களை நட்டு வருகிறார்கள்.

என்னைக் கேட்டால் இரண்டு கடல் என்ற மாதிரி ஒரு பெயர் வைத்திருக்கலாம். அதனால்தானோ என்னவோ, மண்டலப் பெயருக்குக் கீழே 'பிரெனே-மெதித்தெரானே' என்று ஒரு வால் சேர்த்திருக்கிறார்கள்.

தென்னங்கீற்று:

படிக்கப் படிக்க ஆர்வமாக இருக்கிறது. ஒரு அடிப்படைக் கேள்வி. பெர்பிஞான் 1659-இல் வந்தது, சரி. துலூஸ் எப்போது, எப்படி பிரான்சுக்குள் வந்தது? கத்தார்கள் கதை இதில் எங்கே வருகிறது?

பழைய_வரைபடம்:

சுருக்கமாகச் சொல்ல முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1200-இல் துலூஸ் பிரபு பெயருக்குத்தான் பிரெஞ்சு மன்னருக்குக் கட்டுப்பட்டவர், நடைமுறையில் சொந்த ராஜ்ஜியம். அந்த மண்ணில் கத்தார்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவு வேரூன்றியிருந்தது. பொருளுலகம் தீய சக்தியின் படைப்பு என்று நம்பியவர்கள், திருச்சபையின் சொத்தையும் சடங்கையும் ஏற்காதவர்கள். 1208 ஜனவரியில் போப்பின் தூதர் பியேர் தெ கஸ்தெல்நோ சேன்-ஜில் அருகே கொல்லப்பட்டார். போப் மூன்றாம் இன்னொசென்ட் சிலுவைப்போர் அறிவித்தார். கிறிஸ்தவ நாட்டுக்குள்ளேயே, கிறிஸ்தவர்கள் மேல்.

1209 ஜூலை 22 அன்று பெசியே விழுந்தது. தேவாலயத்துக்குள் ஓடி ஒளிந்தவர்களையும் விடவில்லை. 'எல்லாரையும் கொல்லுங்கள், தன்னுடையவர்கள் யாரென்று கடவுளுக்குத் தெரியும்' என்று அங்கே சொல்லப்பட்டதாக எங்கும் மேற்கோள் காட்டுவார்கள். அது ஒரு ஜெர்மானியத் துறவி சில ஆண்டுகள் கழித்து எழுதியது, அவர் அந்த இடத்தில் இருந்தவரும் அல்லர். வாசகம் சந்தேகத்துக்குரியது, படுகொலையில் சந்தேகமே இல்லை.

1213-இல் துலூஸுக்கு உதவ வந்த அரகோன் அரசர் பேதரோ முரே போரில் இறந்தார். மழைக்குருவிக்கு இது முக்கியம்: அன்று அவர் பிழைத்திருந்தால் துலூஸும் பார்சலோனாவும் ஒரே அரசுக்குள் வந்திருக்கவும் கூடும். 1218-இல் சிலுவைப்படைத் தலைவர் சிமோன் தெ மோன்ஃபோர் துலூஸை முற்றுகையிட்டபோது மதிலுக்குள்ளிருந்து வந்த கல் ஒன்று தலையில் விழுந்து இறந்தார். அந்தக் கல்லெறி பொறியை இயக்கியது பெண்கள் என்று அக்காலத்திலேயே ஒக்சித்தானில் பாடிய போர்ப் பாட்டு சொல்கிறது.

ஆனாலும் முடிவு பாரிஸுக்குச் சாதகமாகத்தான் போனது. 1229 ஒப்பந்தப்படி துலூஸ் பிரபுவின் ஒரே மகள் ஜானை அரசர் ஒன்பதாம் லூயியின் தம்பிக்குக் கட்டிவைத்தார்கள். 1244 மார்ச்சில் மோன்செகுர் கோட்டை விழுந்து, நம்பிக்கையைக் கைவிட மறுத்த 200-க்கும் மேற்பட்டவர்களை அடிவாரத்தில் எரித்தார்கள். 1271-இல் ஜானும் கணவரும் பிள்ளை இல்லாமல் இறக்க, துலூஸ் நேராக மன்னர் கைக்குப் போனது. தென்னங்கீற்று கேட்ட தேதி இதுதான்.

இப்போது பெயர் விஷயத்துக்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அரசரின் எழுத்தர்களுக்குப் புதிதாகக் கைக்கு வந்த தென்னாட்டை ஆவணத்தில் எப்படிக் குறிப்பது என்று ஒரு சொல் தேவைப்பட்டது. 'ஒக் மொழி நாடு' என்று பிரெஞ்சில் எழுதினார்கள், அதுதான் லாங்தொக். லத்தீனில் எழுதும்போது ஒக்சித்தானியா. 1300-ஐ ஒட்டிய நிர்வாகச் சொல் அது. த்ரூபதூர்கள் தங்கள் நாட்டை அப்படி அழைத்ததில்லை. எதிர்ப்பின் சின்னமாக இன்று கொண்டாடும் பெயரை முதலில் எழுதியது வென்றவரின் அலுவலகம்.

எனவே லாங்தொக், ஒக்சிதானி இரண்டும் ஒரே பெயர்தான். பழைய லாங்தொக் மாகாணம் துலூஸிலிருந்து கார்க்கசோன், நார்போன், மோன்பெலியே வழியாக நீம் வரை நீண்டது. உயர் நீதிமன்றம் துலூஸில், மாகாண சபை பிற்காலத்தில் பெரும்பாலும் மோன்பெலியேவில். 1790-இல் அதை மாவட்டங்களாக உடைத்தார்கள். 1950-களில் மறுபடி தொகுத்தபோது நடுவே கோடு போட்டுத் துலூஸை ஒரு பக்கமும் மோன்பெலியேவை மறுபக்கமும் வைத்தார்கள். 2016-இல் அந்தக் கோடு போனது. இன்று தலைநகர் துலூஸ், மண்டல சபையின் முழுக்கூட்டம் மோன்பெலியேவில். பழைய பங்கீடு அப்படியே திரும்பி வந்திருக்கிறது.

'லாங்தொக்' என்றே விட்டிருந்தால் என் ஆட்சேபணை பாதி போயிருக்கும்.

கருவேலன்:

வரலாற்றுப் புத்தகத்தோடு நிறுத்திவிட வேண்டாம். 1971-இல் அரசு, லர்சாக் பீடபூமியில் இருந்த ராணுவப் பயிற்சி முகாமை 3,000 ஹெக்டேரிலிருந்து 17,000 ஹெக்டேராகப் பெருக்கப் போவதாக அறிவித்தது. அவெய்ரோன் மாவட்டம், சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம், ரொக்ஃபோர் பாலாடைக்கட்டிக்குப் பால் தரும் செம்மறிகள் மேயும் இடம். 1972-இல் 103 விவசாயிகள் ஒருவரும் நிலத்தை விற்கமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அதே வருடம் ஆடுகளைப் பாரிஸுக்கு ஓட்டிப்போய் ஐஃபல் கோபுரத்தடியில் மேயவிட்டார்கள். பத்து வருடம் விடவில்லை. 1981-இல் மித்தெரான் ஜனாதிபதியாகப் பதவிக்கு வந்ததும் திட்டம் ரத்து.

அந்தப் போராட்டத்தின் முழக்கம் பிரெஞ்சில் இல்லை. 'கர்தரேம் லு லர்சாக்', லர்சாக்கைக் காப்போம் என்று ஒக்சித்தானில் எழுதினார்கள். பள்ளியில் அந்த மொழிக்காகத் தண்டனை வாங்கியவர்களின் பிள்ளைகள், நிலம் போகப்போகிறது என்றதும் அதே மொழியைச் சுவரில் எழுதினார்கள். எழுத்தர் கண்டுபிடித்த சொல்லாகவே இருக்கட்டும். பெயர் யார் வைத்தது என்பதைவிட, அதை யார் சுமந்தார்கள் என்பது எனக்குப் பெரிது.

மழைக்குருவி:

கருவேலன் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் அதே அளவுகோலை எங்களுக்கும் வையுங்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் கடைசியில், 1939 ஜனவரி, பெப்ரவரியில், பிராங்கோ படைக்குத் தப்பி நாலரை லட்சம் பேருக்கு மேல் பிரனீஸ் தாண்டி எங்கள் மாவட்டத்துக்குள்தான் வந்தார்கள். அர்ஜெலே கடற்கரையில் குளிர்காலத்தில் வெறும் மணலில் முள்வேலி போட்டு அடைத்தார்கள். அவர்களில் கத்தலான்கள் ஏராளம். வேலிக்கு இந்தப் பக்கம் ரொட்டி கொடுத்த உள்ளூர்க் கிழவியும் வேலிக்கு அந்தப் பக்கம் வாங்கியவரும் ஒரே மொழியில் பேசியிருப்பார்கள்.

கவிஞர் அந்தோனியோ மச்சாதோ அந்தக் கூட்டத்தோடு வந்து பெப்ரவரி 22 அன்று கொலியூரில் இறந்தார். அவர் கல்லறையில் ஒரு தபால் பெட்டி வைத்திருக்கிறார்கள். போன வாரம்கூடப் போனேன், மழையில் நனைந்த காகிதங்கள் கல்லின்மேல் ஒட்டிக்கிடந்தன, மேலே கூழாங்கல் வைத்திருந்தார்கள். அந்த வழியெல்லாம் 'ஒக்சிதானி' என்று பலகை. எனக்கு அது இன்னும் ஒட்டவில்லை. 'ஒக்சிதானியும் கத்தலான் நாடும்' என்று இரண்டு சொல் கூடுதலாக எழுதியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

துலூஸ்வாசி:

இழையைத் தொடங்கியபோது இருந்த உறுதி எனக்கு இப்போது இல்லை. மொழியின் பெயர் வரைபடத்தில் ஏறியது நல்லது என்பதில் மாற்றமில்லை. பெர்பிஞானையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும், அதை மழைக்குருவிக்காக ஒப்புக்கொள்கிறேன்.

என் அடுத்த வீட்டில் எண்பது தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார், தார்ன் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். போன ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குச் சேர்ந்து போனோம். உங்களுக்கு ஒக்சித்தான் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, எனக்குப் பத்துவா மட்டும்தான் தெரியும் என்றார். கொச்சைப் பேச்சு என்கிற மாதிரியான சொல் அது, தன் மொழிக்கு வேறு பெயர் உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பூண்டு விற்பவரும் அவர் ஊர்ப்பக்கம் போல, இருவரும் அந்தப் 'பத்துவா'வில் பேச ஆரம்பித்தார்கள். பிரெஞ்சில் பேசும்போது ஒவ்வொரு வார்த்தையாக நிதானித்துப் பேசுகிறவர், அங்கே கையை ஆட்டி, சிரித்து, கால் மணி நேரம் நின்றார். திரும்பும்போது மெட்ரோவில் இரண்டாவது குரல் வந்ததும் என் கையைத் தட்டி, 'இவள் படித்துப் பேசுகிறாள், நாங்கள் அப்படி இழுத்துச் சொல்லமாட்டோம்' என்றார். அவர் பேரன் இப்போது கலந்திரெத்தா பள்ளியில் படிக்கிறான். முழுக்க ஒக்சித்தான் வழியில் சொல்லித்தரும் பள்ளிகள் அவை, முதல் பள்ளி 1979-இல் போ நகரில் தொடங்கியது. அவன் வீட்டுக்கு வந்தால் பாட்டியின் உச்சரிப்பைத் திருத்துகிறானாம், பாட்டி அவனைத் திருத்துகிறாராம்.

ஏரிக்கரை, அந்த நொரூஸைப் பார்க்க வேண்டும். கார் இல்லை. எப்படிப் போவது?

ஏரிக்கரை:

துலூஸிலிருந்து ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு காஸ்தெல்னோதாரியில் இறங்குங்கள். கால்வாய்க் கரையைப் பிடித்து மேற்கே மிதித்தால் 15 கிலோமீட்டருக்குள் வந்துவிடும், ஏற்றம் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ரிக்கேக்கு ஒரு கல்தூண் நிறுத்தியிருக்கிறார்கள், அதோடு திரும்பிவிடாதீர்கள். மலையிலிருந்து வரும் வாய்க்கால் கால்வாயில் சேரும் இடம் வரை நடந்துபோய் ஒரு இலையைக் கிள்ளிப் போட்டுப் பாருங்கள். போகிற திசையை இங்கே வந்து எழுதுங்கள்.